ரிட்டர்ன் லோடு காலியாக வந்த நாள்

சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களையும் சல்லடையில் போட்டுச் சலித்தாலும், வெறுங்கையோடு வீடு திரும்பத் தெரியாத மனிதர் ஒரே ஒருவர்தான் மேலே நிற்பார். அவர்தான் எங்கள் ரிட்டர்ன் லோடு. மகனுக்குப் பெண் பார்க்கப் புதுச்சத்திரம் பக்கம் போனார். ஜாதகம் பொருந்தவில்லை. மற்றவர்களாக இருந்தால் பஜ்ஜியைத் தின்றுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். இவர், பெண் வீட்டுத் தோட்டத்தில் பிடுங்கிப் போட்டிருந்த மரவள்ளிக் கிழங்கை மூட்டை கட்டிக் காரில் ஏற்றி, வழியில் சவ்வரிசி ஆலையில் இறக்கிவிட்டுத்தான் ஊர் வந்தார். "சம்பந்தம் அமையலீன்னா என்னங்க, வண்டி காலியா வரலாமுங்களா?" என்று கேட்டாராம்.

இன்னொரு முறை குடலிறக்க ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சில் இடம் இருக்கிறதே என்று பக்கத்துக் கட்டில்காரரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஆபரேஷனே இன்னும் ஆகவில்லை என்பது ராசிபுரம் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

இதெல்லாம் நான் காதால் கேட்டவை. இனிமேல் சொல்லப்போகிறவை என் முதுகால் அனுபவித்தவை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தே தீர வேண்டும். எங்களில் யாரும் அதைக் கேட்டதில்லை. நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். இங்கிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி, அங்கே இறக்கிய பிறகு திரும்பி வர ஒரு சரக்கு வேண்டும். அதற்குத்தான் ரிட்டர்ன் லோடு என்று பெயர். அது கிடைக்காமல் வண்டி காலியாக வந்தால், வழியெல்லாம் டீசலைக் குடிக்காது, முதலாளியின் ரத்தத்தைக் குடிக்கும். ஆயுளில் பாதியை "ரிட்டர்ன் லோடு இருக்குதுங்களா?" என்று போனில் கத்தியே கழித்தவருக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

மகன் தலையெடுத்தான். தொழிலை அப்படியே செல்போனுக்குள் கொண்டுபோய் வைத்தான். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. மகன் காதில் வைத்திருக்கும் போனைப் பிடுங்கி, மறுமுனையில் இருக்கும் இந்திக்காரரிடம் கொங்குத் தமிழில் சண்டை போடுவார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்திக்காரர் லோடு கொடுத்துவிடுவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மகன் ஒரு நாள் பளபளவென்று ஒரு மலைச் சைக்கிளை வாங்கி அப்பா கையில் கொடுத்தான். "எந்நேரமும் ஆபீசுலயே அடைஞ்சு கெடக்காதீங்கப்பா. காத்தாடச் சுத்திட்டு வாங்க." நயமாக விரட்டுவதும் ஒரு திறமைதான்.

அப்படித்தான் அவர் எங்கள் சைக்கிள் குழுவில் வந்து விழுந்தார்.

குழுவுக்குக் கேப்டன், சேலத்தில் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் ஒரு பல் டாக்டர். இளைஞர். பழைய தடங்கள் என்றால் அவருக்கு உயிர். மேட்டூர் அணையைச் சுற்றி அவருக்குத் தீனிக்குக் குறைவில்லை. மலையடிவாரத்தில், ஒரு காலத்தில் உப்பு மூட்டை சுமந்த மாடுகள் ஏறிய ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அணைக்குள்ளேயே, அணை கட்டுவதற்கு முன்னால் மாட்டு வண்டிகள் போன தடம் கிடக்கிறது. தண்ணீர் நிறைந்தால் முழுகிவிடும். கோடையில் தண்ணீர் இறங்கினால் மேலே வரும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைக்கிள்களை ஒரு வேனில் அடுக்கிக்கொண்டு ஓமலூர் வழியாக அங்கே போய் இறங்குவோம். மிதிக்கிற இடத்தில் மிதித்து, தள்ளுகிற இடத்தில் தள்ளி, நடக்கிற இடத்தில் நடப்போம். நடுவில் ஏதாவது கல்லைப் பார்த்துவிட்டால் கேப்டன் இறங்கி நின்று வரலாறு சொல்வார். வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர் என்பதால், குறுக்கே யாராவது பேசினால் அவருக்குப் பிடிக்காது.

என்னையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு ஜவுளிக் கடை. மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேட்டியை வீசி விரித்துக் காட்டுகிற தொழில். வலது கையைத் தவிர உடம்பில் வேறு எதற்கும் வேலை கிடையாது. சர்க்கரை வந்தது. வைத்தியர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். குழுவின் சீருடையோ உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற ஜாதி. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, ஜவுளிக்காரன் என்ற முறையில் அந்தத் துணிக்காக மிகவும் வருத்தப்பட்டேன். என் மனைவி கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள தனியாத்தான் போனீங்களா, இல்ல யாராச்சும் தள்ளிவிட்டாங்களா?" என்று கேட்டாள்.

ரிட்டர்ன் லோடு வந்த முதல் நாளை மறக்க முடியாது. மகன் வாங்கிக் கொடுத்த சைக்கிளை அவர் நேராக லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைக்கு அனுப்பியிருந்தார். பின்னால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு இரும்புக் கேரியர். முன்னால் ஒரு தாங்கி, ஒரு லாரி ஹாரன். கயிறு இழுத்துக் கட்டச் சுற்றிலும் கொக்கி. கம்பியெல்லாம் சிவப்பு, பச்சை, மஞ்சளில் பூ வேலை. பின்சக்கரத்துக்கு மேலே நாக்கைத் தொங்கப் போட்ட பூதத் தலை. அழகாக மடித்த தார்ப்பாய். எங்கள் கேப்டன், எடை குறைய வேண்டும் என்று சைக்கிளின் திருகாணிகளைக்கூட மெலிந்தவையாக மாற்றி வைத்திருந்தவர். அந்தக் கேரியரைப் பார்த்ததும் மயக்க மருந்தில்லாமல் பல் பிடுங்கியது போலத் துடித்தார்.

"அண்ணா, இவ்ளோ வெயிட் எதுக்குங்ண்ணா?"

"வெறும் வண்டி எகிறுமுங்க தம்பி. பாரம் இருந்தாத்தான் ரோட்டைப் புடிக்கும்."

பாரம் எங்கிருந்து வரும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. உப்பு மாட்டுப் பாதை ஏறுகிற இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. மேலே இருக்கும் சிற்றூருக்கு வண்டி போகாது. நாங்கள் டீயை ஊதிக்கொண்டிருக்கையில், இவர் நடுரோட்டில் நின்று, "மேல எதாச்சும் தாட்டி உடோணுங்களா?" என்று ஒரு குரல் கொடுத்தார். தாட்டி உடுவது என்றால் அனுப்பி வைப்பது. அந்த ஊர் காலங்காலமாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போலிருக்கிறது. மாவு மூட்டை வந்தது. மாத்திரை வந்தது. யாருக்கோ சீர் கொடுத்த குக்கர் வந்தது. அவர் கேரியர் நிறைந்ததும், மிச்சத்தை எங்களுக்குப் பங்கு வைத்தார். கூலி யாரிடமும் கேட்கவில்லை. எங்களிடம் சம்மதமும் கேட்கவில்லை. என் முதுகில் ஒரு நிலைக்கண்ணாடியைக் கட்டிவிட்டார். அந்த ஏற்றம் முழுக்க, எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் தங்களுக்கு நாக்குத் தள்ளுவதை என் முதுகில் பார்த்தபடியே வந்தார்கள்.

இறங்கும்போது புளியும் சீமாறும், அதாவது துடைப்பமும். கேப்டனின் மெலிந்த சைக்கிளில் ஒரு கட்டுச் சீமாற்றை விரித்துக் கட்டியிருந்தார்கள். இறக்கத்தில் அவர் வேகமாக வந்த அழகைப் பார்த்த டீக்கடைக்காரர், "மயிலு வருதுங்கோ!" என்று கத்தினார்.

இன்னொரு ஞாயிறு, அணைக்கரையில் பரிசல்காரர் ஒருவரிடம் மீன் சேர்ந்துவிட்டது. ரிட்டர்ன் லோடு தன் பங்குக்கு ஒரு கூடையைக் கட்டிக்கொண்டு, மிச்சம் இருந்த ஒரே மீனை, பரிசல்காரரின் மச்சானுக்குக் கொடுப்பதற்காகக் கேப்டனின் முதுகுப் பையில் நைசாகப் போட்டுவிட்டார். சொல்லத்தான் மறந்துவிட்டார். மறுநாள் வரை அந்தப் பை கேப்டனின் ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. வாய் நாற்றத்துக்கு வைத்தியம் பார்க்க வந்த ஒரு நோயாளி, அறைக்குள் காலை வைத்ததும், தன் வியாதி இவ்வளவு முற்றிவிட்டதா என்று அழுதேவிட்டாராம்.

கேப்டன் அதையும் பொறுத்தார். சேவலைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

பெங்களூரிலிருந்து ஒரு பெரிய சைக்கிள் குழு விருந்தாளியாக வந்திருந்தது. கேப்டன் வாரம் முழுக்கப் படித்துத் தயார் செய்திருந்தார். பாதையோரத்து நடுகல் ஒன்றின் பக்கத்தில் எல்லாரையும் நிற்க வைத்து, "இந்த வீரன் யாருன்னா..." என்று தொடங்கினார்.

கொக்கரக்கோ!

ரிட்டர்ன் லோடின் தார்ப்பாய்க்குள்ளிருந்துதான். மேலே ஊரிலிருந்து கீழே ஒரு உறவுக்காரருக்குப் போகிற சேவல்கள், ஜோடியாக. கேப்டன் மறுபடி தொடங்கினார். சேவலும் தொடங்கியது. ஒன்று முடித்தால் இன்னொன்று. கடைசியில் பெங்களூர்க்காரர்கள் நடுகல்லை விட்டுவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கிச் சேவல்களைப் படம் எடுத்தார்கள். ஒருவர் சேவலைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். கேப்டன் மட்டும் நடுகல் பக்கத்தில் இன்னொரு நடுகல்லாக நின்றார்.

விருந்தாளிகள் போனதும் கேப்டன் குரலை உயர்த்தாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணா, நான் குரூப் நடத்துறேன். பார்சல் சர்வீஸ் இல்ல. அடுத்த ரைடுல போகும்போதும் காலி, வரும்போதும் காலி. உங்க வண்டியில ஒரு கொத்து கறிவேப்பிலை இருந்தாக்கூட அன்னிக்கே உங்களைக் குரூப்ல இருந்து எடுத்துடுவேன். வாக்கு குடுங்க."

"குடுத்தேனுங்க தம்பி" என்றார் ரிட்டர்ன் லோடு. போன் வாக்கை நம்பியே லாரிகளை டெல்லி வரைக்கும் அனுப்பியவர். அவர் வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான்.

வேனை நோக்கி நடக்கையில் என் பக்கத்தில் வந்தார். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர், அன்றைக்கு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க முதலாளி, குரூப்ல இருந்து எடுத்துப்போட்டா ஞாயித்துக்கெழமை நான் எங்கீங்க போறது? ஊட்டுல உக்காந்தா மருமவ டிவியைப் போட்டு உட்டுருது. ஆபீசுக்குப் போனா பையன் ஒரு டீயை வாங்கிக் குடுத்துத் தாட்டி உட்டுர்றான். இங்க ஒண்ணுதானுங்க, நான் வாரப்ப நாலு பேரு 'அண்ணா வாங்க'ங்கறீங்க."

யாராவது இப்படி மனசைத் திறந்து பேசினால் எனக்கு முட்டாள்தனமாகத்தான் பேச வரும். "ஒரு நாள்தானுங்களே, காலியா வந்துட்டுப் போங்க" என்றேன். துணி இல்லாமல் வரச் சொன்னது போல என்னைப் பார்த்தார்.

அந்த 'அடுத்த ரைடு' வந்தது. கோடை முற்றி, அணையில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. பழைய வண்டித்தடம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் வண்டல் வெடித்து, பாளம் பாளமாக, ஏதோ பெரிய ஆமையின் ஓட்டின் மேல் போவது போல இருந்தது. ஈரம் மிச்சமிருந்த இடங்களில் சோளமும் எள்ளும் வெள்ளரியும் பச்சைப் பசேலென்று நின்றன. தூரத்தில் தண்ணீருக்குள்ளிருந்து பழைய கோயிலின் நந்தி முதுகைக் காட்டிக்கொண்டு, குளிக்கப் போன மாடு எழுந்திருக்க மனசில்லாமல் படுத்திருப்பது போலக் கிடந்தது. காற்று நன்றாக வீசியது. நம் தலைக்கு மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிற இடத்தில் சைக்கிள் ஓட்டுகிறோம் என்று நினைத்தால் சிரிப்பாக வந்தது.

ரிட்டர்ன் லோடுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வெறும் கேரியர் கடகடவென்று ஆட, தலையைக் குனிந்துகொண்டு வந்தார். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். வெள்ளரித் தோட்டத்துக்காரப் பெண் ஒருவர் மூட்டையோடு தடத்துக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, இன்னிக்குச் சும்மாவா போறீங்க? ஒடம்புக்கு ஏதும் முடியலீங்களா?"

"நல்லாத்தான் இருக்கறனுங்க அம்மிணி."

"அப்பறம் இந்த மூட்டையைக் கரைக்குத் தாட்டி உடுங்க. பஸ்ஸுல ஏத்தோணும்."

"ஆகாதுங்க அம்மிணி. வாக்குக் குடுத்துப்போட்டேன்." இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இல்லாவிட்டால் அதுகள் தாமாக மூட்டையைத் தூக்கிவிடும் என்று பயந்திருப்பார். அந்தப் பெண், ஊருக்குள் துக்கம் நடந்த வீட்டைப் பார்ப்பது போல அந்த வெறும் கேரியரைப் பார்த்தார்.

இப்படியே ஒவ்வொரு தோட்டத்திலும் நின்று சமாதானம் சொல்லிச் சொல்லி, அவர் கடைசி ஆளாகிவிட்டார். நானும் அவரோடு வந்தேன். நட்பு என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் என்னால் அதைவிட வேகமாகப் போக முடியாது. மற்றவர்கள் திரும்பிக் கரை ஏறிவிட்டார்கள்.

திரும்பும் வழியில், அந்த வெள்ளரித் தோட்டத்துக்குப் பக்கத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. நந்தியைப் பின்னணியில் வைத்து ஒரு படம் எடுத்துக் கடையில் மாட்டினால் எப்படி இருக்கும்? தடத்தை விட்டு இறங்கி, தண்ணீர்ப் பக்கமாகச் சைக்கிளை விட்டேன். மேலே காய்ந்து பாளமாகத்தான் இருந்தது. அடியில் அல்வா. முன்சக்கரம் உள்ளே போய் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. போனும் நானும் வேறு வேறு திசையில் பறந்தோம். போன் சேற்றுக்குள் போனது, திரும்பவில்லை. நான் திரும்பி வந்தேன், கழுத்து வரைக்கும் சேற்றோடு, வலது கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக்கொண்டு.

ரிட்டர்ன் லோடும் வெள்ளரித் தோட்டத்துப் பெண்ணும் சேர்ந்து என்னை இழுத்து வந்து தடத்தில் போட்டார்கள். காலை ஊன்ற முடியவில்லை. கரை கண்ணுக்கெட்டிய தூரத்தில், கண்ணுக்கு மட்டும் எட்டுகிற தூரத்தில், இருந்தது. நான் அந்தப் பெரிய கேரியரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு தன் போனைத் தூக்கிப் பிடித்து நாலா பக்கமும் சுற்றினார்.

"டவரு கெடைக்க மாட்டீங்குதுங்க."

"டவர் எதுக்குங்க? என்னை ஏத்துங்க, போலாம்."

"டாக்டர் தம்பியைக் கேக்கோணுமில்லீங்களா? காலியா வாரேன்னு வாக்கு."

"யோவ், நான் என்ன லோடா?"

என்னை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். சரக்கை எடைபோட்டே பழகிய கண். "கோவிச்சுக்காதீங்க முதலாளி. நல்ல எடைங்க. இதை லோடு இல்லீன்னு சொன்னா தொழில் தெரிஞ்சவன் சிரிப்பான்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவருக்குச் சிரிப்பு வரவில்லை என்பதையும் பார்த்தேன். என் காலைப் பார்ப்பார். கரையைப் பார்ப்பார். இரண்டு தடவை என்னைத் தூக்க வந்து, இரண்டு தடவையும் நின்றார். என்னை ஏற்றாமல் போகப்போகிறவரும் இல்லை அவர். ஏற்றினால் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். திடீரென்று முகம் மலர்ந்தது.

"முதலாளி! க்ளீனரா வாரீங்களா?"

"என்னது?"

"லாரி காலியா வந்தாலும் க்ளீனர் இருப்பானில்லீங்க? அவனை எந்தச் செக்போஸ்ட்டுலயும் லோடுன்னு சொல்ல மாட்டாங்க. ட்ரைவரு, க்ளீனரு, காலி வண்டி. சரிதானுங்களே?"

செவ்வாய்ப்பேட்டையில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன், அணைக்கு நடுவில் சேற்றில் உட்கார்ந்தபடி க்ளீனர் வேலைக்குச் சேர்ந்தேன். வியாபார புத்தி போகுமா? "சம்பளம் என்னங்க?" என்றேன்.

"சம்பளமெல்லாம் இல்லீங்க. வழியில டீ, டிபனுக்கு பேட்டா உண்டு."

என் சைக்கிள் சந்தேகமில்லாமல் லோடுதான் என்று தீர்ப்பாகி, அது வெள்ளரித் தோட்டத்திலேயே தங்கியது. என்னைத் தூக்கிக் கேரியரில் வைத்தார்கள். ரிட்டர்ன் லோடு கயிற்றை எடுத்தார்.

"க்ளீனரைக் கயிறு போட்டுக் கட்டுவாங்களா?"

"உழுந்தா எந்திரிக்கற க்ளீனரைக் கட்ட மாட்டாங்க" என்று கொக்கிக்குக் கொக்கி இழுத்துக் கட்டினார். தார்ப்பாய் வேண்டாம் என்று நான் கெஞ்சியதால் விட்டார். அவர் குனிந்து பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் என் சட்டையின் முதுகுப் பையில் எதையோ செருகி, "தாகத்துக்குத் தின்னுங்க சாமி" என்று காதோரம் சொன்னார்.

கிளம்பும் முன் ரிட்டர்ன் லோடு கொஞ்சம் நெளிந்தார்.

"ஒரு சங்கடமுங்க. க்ளீனரை வாங்க போங்கன்னு பேசுனா எனக்கு வண்டி கையில நிக்காதுங்க. கரை ஏர்ற வரைக்கும் மரியாதையைச் சித்த ஓரங்கட்டிக்கட்டுங்களா?"

"தாராளமா" என்றேன்.

அவ்வளவுதான். "டேய்! பின்னாடி என்னடா வருது?"

"ஒண்ணும் வரலைங்க."

"வரலைன்னா ரைட்டுன்னு சத்தம் குடுக்க மாட்டியா? வாயில என்ன வெச்சிருக்கற?"

கண்ணுக்கெட்டிய வரை ஈ காக்கை இல்லாத அந்த ஏரிப் படுகையில், "ரைட்! ரைட்! போலாம் ரைட்!" என்று நான் கத்தினேன். கொக்குக் கூட்டம் ஒன்று பயந்து எழுந்து பறந்தது. பள்ளம் வந்தால் "புடி, புடி, புடி!" மேடு வந்தால் அவர் இறங்கித் தள்ளுவார், நான் மேலிருந்து உற்சாகப்படுத்துவேன். "பேச்சுக் குடுடா, ட்ரைவருக்குத் தூக்கம் வருதில்ல" என்பார். போன தீபாவளிக்கு வாங்கிக் குவித்த சேலைகள் சாயம் போன கதையைச் சொன்னேன். வீட்டில்கூட அதை முழுதாகச் சொன்னதில்லை. "உட்றா. அதையெல்லாம் நெனச்சுட்டு வண்டி ஓட்டக் கூடாது" என்றார் மூச்சு வாங்கியபடி. முதுகு முழுக்க வேர்வை. அந்த வயசில், அந்த எடையை, அந்தத் தடத்தில். ஒரு இடத்தில்கூட முனகவில்லை. கேரியரில் பாரம் ஏறியதும் அவர் முகத்தில் வந்த தெளிச்சி, பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் காதைப் பார்த்தே தெரிந்தது.

கரையில் எல்லாரும் வாழைப்பழம் தின்றபடி நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் தின்பது நின்றது. ரிட்டர்ன் லோடு பிரேக் போட்டு, ஹாரன் அடித்து, நெற்றியைத் துடைத்தார்.

கேப்டன் முன்னால் வந்தார். "அண்ணா... பின்னாடி என்னங்ண்ணா?"

"காலி வண்டிங்க தம்பி."

"அது?"

"க்ளீனருங்க."

கேப்டன் என்னைப் பார்த்தார். சேறு காய்ந்து, கயிற்றில் கட்டுண்டு, பூதத் தலைக்கு மேலே நான் இன்னொரு பூதமாக உட்கார்ந்திருந்தேன். "ஆமாங்க, க்ளீனர்தான்" என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. முதலில் என் காலை அழுத்திப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார். பிறகு, சொன்ன சொல்லைச் சொன்னபடி பார்க்கிறவர் அல்லவா, முன் தாங்கியைப் பார்த்தார். தார்ப்பாயைப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் சுத்தம். ரிட்டர்ன் லோடு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கயிற்றை அவிழ்த்து என்னை இறக்கக் கேப்டன் என் முதுகில் கையைக் கொடுத்தார். கை நின்றது. சட்டையின் முதுகுப் பையிலிருந்து இரண்டு வெள்ளரிக்காய்களை உருவினார். பிஞ்சுகூட இல்லை, நல்ல முழங்கை நீளம்.

ரிட்டர்ன் லோடின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. தனக்குத் தெரியாமல் தன் வண்டியில் சரக்கு ஏறிவிட்டது. "இது... எனக்குத் தெரியாதுங்க தம்பி" என்றார். குரல் அடங்கிப் போயிருந்தது. அதற்கு மேல் வாதாடவும் இல்லை. வாக்கு போனது போனதுதான் என்பது போல ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டார்.

வாழ்க்கையில் முதல்முறையாக, முட்டாள்தனமாகப் பேச வேண்டிய இடத்தில் எனக்குச் சரியாகப் பேச வந்தது.

"கேப்டன், அதைக் கீழ வைங்க. அது என் பேட்டா!"

"என்னது?"

"க்ளீனர் பேட்டாங்க. வழியில டிபனுக்கு. அது லோடு கணக்குல வராது. சந்தேகம்னா நாமக்கல் போய் எந்த லாரி ஆபீசுல வேணாலும் கேளுங்க."

கேப்டன் வெள்ளரிக்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்த தலையைப் பார்த்தார். உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பல் டாக்டருக்கு எத்தனை பல் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் குழு மொத்தமும் பார்த்தது. ஒரு வெள்ளரிக்காயை முழங்காலில் தட்டி ஒடித்து, ஒரு துண்டைக் கடித்தார். "அடுத்த ஞாயித்துக்கெழமை லேட் பண்ணாம வந்துடுங்கண்ணா" என்றார், மென்றபடியே.

ரிட்டர்ன் லோடு கழுத்தில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு பின்சக்கரப் பக்கம் போய், பூதத் தலையை வெகுநேரம் துடைத்தார். அதற்கப்புறம் என்னிடம் வந்து, "முதலாளி, டேய்னு பேசுனதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

அந்த அடுத்த ஞாயிறு. காலில் கட்டோடு நான் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தெருமுனையில் ஹாரன் கேட்டது. ரிட்டர்ன் லோடு வந்து சைக்கிளை நிறுத்தினார். சீருடை, தலைக்கவசம், தண்ணீர் பாட்டில் எல்லாம் தயார். என் மனைவி வெளியே வந்து, "என்னங்கண்ணா, ரைடு போகலீங்களா? உங்களை லேட் பண்ணாம வரச் சொன்னாராமே கேப்டன்?" என்று கேட்டாள்.

"போலாமுன்னுதானுங்க கெளம்புனேன்." தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "க்ளீனர் இல்லாம வண்டியை எப்படீங்க எடுக்கறது?"

என் மனைவி காபி போட உள்ளே போனாள். நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி அவர் சைக்கிளிடம் போனேன். க்ளீனர்கள் செய்வது போல முன்சக்கரத்தை ஒரு தட்டு, பின்சக்கரத்தை ஒரு தட்டு தட்டிக் காற்றுப் பார்த்தேன். பார்த்துவிட்டு, தெருவே கேட்க, "ரைட்!" என்றேன்.